மூடிய குழாயிலிருந்து வரும் தண்ணீர்

அன்புள்ள மகனுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். ஆற்றங்கரை மாதா கெபியை, அந்தப் பாறைக் குகைக் கோவிலை, இடித்துத் தள்ள வேண்டும் என்று நான் சொன்னதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மாதா புதுமை, அற்புதம் எதுவும் செய்வதில்லை என்று சொன்னதாகவும் பேசுகிறார்கள். அதையும் நான் சொல்லவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து செபமாலை சொல்லாமல் படுக்கைக்குப் போகாதவள் நான். எனக்குப் பக்தி போதிக்க இந்த ஊரில் இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை. கெபியின் அடியிலிருந்து ஊறி வருகிற தண்ணீர் புதுமை இல்லை, அது அணையின் கரையை அரித்துக்கொண்டு போகிறது, ஆகவே மாதா சுரூபத்தையும் கெபியையும் மரியாதையாகப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்துவிட்டுக் கரையைச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னேன். இதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறப் போவதில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் என்னைப் பற்றிய பேச்சு கோவில் வாசலில், பஸ் நிறுத்தத்தில், மீன் வாங்குகிற இடத்தில் என்று எல்லோர் காதும் கேட்க நடக்கிறது. அதனால் பதிலும் எல்லோர் கண்ணும் பார்க்கவே இருக்கட்டும் என்று இதன் நகலை நம் கோவில் பங்கின் மாத இதழுக்குக் கொடுக்கிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். போடாவிட்டால் கோவில் அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டுவேன்.

நீ பிரான்சுக்குப் போன பிறகு, விடுமுறைக்கு வருகிற நாட்களைத் தவிர, அணையை நீ பார்த்ததில்லை. ஆகவே நீ மறந்திருக்கக்கூடியதைச் சொல்கிறேன். ஊரார் சட்ரஸ் என்று சொல்லும் நம் தடுப்பணை பெரிய கட்டுமானம் ஒன்றும் இல்லை. ஆற்றின் குறுக்கே சிமெண்டுத் தளம், அதன்மேல் ஏற்றி இறக்குகிற இரும்புக் கதவுகள், இரண்டு முனையிலும் அணையோடு சேர்த்து நீட்டிய மண் கரை. மேற்கே நல்ல தண்ணீர், கிழக்கே கடலிலிருந்து ஏறி வருகிற உப்புத் தண்ணீர். கதவை இறக்கித் தேக்குகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதால்தான் கரையோரத்து ஆழ்குழாய்களில் இன்னும் குடிக்கிற மாதிரித் தண்ணீர் வருகிறது. அங்கிருந்துதான் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். வயலுக்கும் அதுதான். காவிரி எத்தனையோ ஊர் தாண்டி, எல்லோரும் எடுத்தது போக மிச்சமாய் நம் கடைமடைக்கு வந்து சேர்கிறது. அந்த மிச்சத்தையும் கடலுக்கு விட்டுவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டு மண் கரைகள்.

அந்தக் கரைகளை உன் அப்பா எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதை நீ மறந்திருக்க முடியாது. அவர் ஓவர்சியராக இருந்த காலம் முழுவதும் கரைமேல் ஒரு முளைக்குச்சி அடிக்க விட்டதில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது என் அப்பா போலகத்திலிருந்து ஒரு கறவைப் பசுவை எனக்குச் சீராகக் கொண்டுவந்தார். வந்தவர், புல் நன்றாக இருக்கிறதே என்று கரைமேலேயே முளை அடித்துக் கட்டிவிட்டு வீட்டுக்குள் வந்து காப்பி கேட்டார். காப்பி ஆறுவதற்குள் உன் அப்பா மாட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். இன்னொரு கையில் பிடுங்கிய முளை.

"மாமா, மாடு இங்க நிக்கட்டும். கரையில கட்டாதீங்க."

"ஒத்தக் குச்சி மாப்ள. அதுலயா ஆறு ஒடைஞ்சிரப் போவுது?"

"இன்னைக்கு உங்க குச்சி, நாளைக்கு ஊரான் குச்சி. ஓட்டைய நண்டு பெருசாக்கும், நண்டு வளைய தண்ணி பெருசாக்கும். அப்புறம் யாரு மாமா அடைக்கிறது?"

என் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, ஒம் புருஷன் கட்டிக்கிட்டது ஒன்னையா, அந்த சட்ரஸையா?" அந்தத் தவக்காலம் முழுக்க மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கும் உன் அப்பாமேல் கோபம்தான். சீர் கொண்டுவந்த மனிதரை வாசலிலேயே வைத்துச் சொல்ல வேண்டுமா என்று சண்டை போட்டேன். அவர் மண்வெட்டியும் ஒரு கூடை களிமண்ணும் எடுத்துக்கொண்டு முளை இருந்த குழியை இடித்து அடைக்கப் போய்விட்டார்.

அந்த மனிதரின் நினைவாக, அதே கரையை வெட்டி, அதன் வயிற்றில் அஸ்திவாரம் தோண்டி நீ கெபி கட்டினாய். இதைத்தான் எத்தனை முறை நினைத்தாலும் என்னால் விழுங்க முடியவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், தெரியும். அவர் போனபோது விமானம் கிடைத்து நீ வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அந்த வேதனையில் ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று தவித்தாய். உன்னோடு படித்த ஆரோக்கியம் இடம் காட்டினான். அப்பா காவல் காத்த இடம், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற சனங்கள் கடக்கிற வழி, இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அது காலி மனை இல்லை, தண்ணீரைத் தாங்குகிற சுவர் என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை. அணைக்குப் பொறுப்பான, அனுமதி தர வேண்டிய அலுவலகம், கோவில் விஷயம் நமக்கெதற்கு என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

அதோடு விட்டீர்களா? லூர்து மாதா கெபி என்றால் சுனை வேண்டாமா என்று ஆரோக்கியம் கேட்க, வேண்டும் என்று நீ போனில் சொல்லியிருக்கிறாய். கரையைக் குறுக்காக வெட்டி, மேற்கே தேங்கியிருக்கிற தண்ணீரிலிருந்து குழாய் பதித்து, கெபியின் செயற்கைப் பாறைக்கு அடியில் கொண்டுவந்து ஒரு வால்வு வைத்து, சுனை தயார் செய்துவிட்டார்கள். வெட்டிய மண்ணை மேலே தள்ளி மூடினார்களே தவிர இடித்து இறுக்கவில்லை. மந்திரிப்பு நாளில் அப்போதிருந்த பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்ததும் ஆரோக்கியம் வால்வைத் திறந்தான். பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். குழாய் எந்த வழியாக வருகிறது என்று கேட்கவில்லை. ஓவர்சியர் பெண்டாட்டி கேட்டிருக்க வேண்டும்.

இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வந்து கதவுகளை இறக்கிய பிறகு, சனிக்கிழமை செபமாலைக்குப் போனேன். பாறையிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதைவிட எனக்கு உறுத்தியது அதன் நிறம். பால் விடாத காப்பியை நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கலந்ததுபோல இருந்தது. மேற்கே ஆற்றில் தண்ணீர் தெளிந்து கிடக்கிறது, இங்கே கலங்கி வருகிறது. நடுவில் மண்ணை எடுத்துக்கொண்டு வராமல் அது கலங்குமா? செபமாலை முடிந்ததும் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு வால்வை மூடச் சொன்னேன்.

"எதுக்கு பெரியம்மா? சனங்க புடிச்சிக்கிட்டு இருக்காங்க."

"மூடு. சொல்றேன்."

மூடினான். தண்ணீர் நிற்கவில்லை. இன்னும் இறுக்கினான். நெற்றியில் வியர்வை வந்தது, தண்ணீர் குறையவே இல்லை. அவன் பயந்துபோய் ஓடி ஆளைக் கூட்டிவருவான் என்று நான் காத்திருந்தேன். அவனோ வால்வை விட்டுவிட்டு முழங்காலில் விழுந்தான். "மாதாவே, கொழாய மூடியும் வருதே! புதுமைங்க, புதுமை!" என்று அவன் கத்தியதில் ரோட்டில் போன ஷேர் ஆட்டோ நின்றது.

அன்றிலிருந்து கூட்டம். கருக்களாச்சேரியிலிருந்து, வரிச்சிக்குடியிலிருந்து, எங்கெங்கோ இருந்து கேனும் பாட்டிலுமாக வருகிறார்கள். கலங்கல் இருக்கிறதே என்றால், அது மாதா பாதம் பட்ட மண் என்கிறார்கள். வண்டி நிறுத்தக் கரையின் சரிவைச் செதுக்கித் தட்டையாக்கிவிட்டார்கள். பூவும் மெழுகுவர்த்தியும் விற்கக் கரைமேல் கொம்பு நட்டு நாலைந்து கொட்டகை போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு சபுராதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: "ஓவர்சியரம்மா, எங்க வூட்டு மொட்டமாடி டேங்கு ரெண்டு மாசமா ஒழுவுச்சு. ஒருத்தராவது வந்து ஒரு மெழுவத்தி கொளுத்துனாங்களா? எம் மவன் எம்சீல் வாங்கியாந்து அடைச்சிட்டுப் போயிட்டான்." கெபியின் முன்னால் இதைச் சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை. அவள் சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆகவே நான் சொன்னேன். என் மதத்துக்காரர்களின் அசட்டுத்தனத்தை நான்தானே சொல்ல வேண்டும்.

கான்வெண்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள்: கையில் ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்காதே. அதனால் ஒரு கண்ணாடி ஜாடியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வீட்டு ஜன்னலில் வைத்தேன். காலையில் பார்த்தால் அடியில் பழுப்பு நிற வண்டல் படிந்திருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் அதைக் கொண்டுபோய்ப் பங்குச் சாமியாரிடம் காட்டினேன். உனக்கு இவரைத் தெரியாது, புதிதாக வந்தவர், சின்ன வயது.

"அம்மா, நீங்க சொல்றது புரியுது. ஆனா சனங்களோட விசுவாசம்னு ஒண்ணு இருக்குல்ல? நான் வந்தே மூணு மாசம்தான் ஆவுது."

"ஃபாதர், புதுமைன்னா விசாரிச்சுத்தானே திருச்சபை ஒத்துக்கும்? நீங்க யார விசாரிச்சீங்க?"

அவர் ஜாடியைக் கையில் வாங்கி லேசாக ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் மறுபடி கலங்கியது. "நா இத புதுமைன்னு பிரசங்கத்துல சொல்லலையேம்மா," என்றார். சொல்லவில்லைதான். இல்லை என்றும் சொல்லவில்லை.

பிறகு நான் அலுவலகத்துக்கு எழுதினேன். நல்ல தமிழில், வரி பிசகாமல் எழுதினேன். ஒரு இளம் பெண் இன்ஜினியரை அனுப்பினார்கள். கெட்டிக்காரி. செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கி, கெபியின் பின்பக்கம் ஈரமாக இருந்த இடத்தில் ஒரு கம்பியைக் குத்தினாள். அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. மேலே ஏறி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"இது கொழாய்க்குள்ள வர்ற தண்ணி இல்லம்மா. கொழாய்க்கு வெளிய, மண்ண அரிச்சிக்கிட்டு வர்ற தண்ணி. அதான் வால்வ மூடியும் நிக்கல."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"யாராலயும் சொல்ல முடியாதும்மா. இப்பிடியே மழைக்காலம் வரைக்கும் இருக்கலாம். மேல ஒரு பெரிய மழை பேஞ்சு தண்ணி ஏறுனா ஒரே ராத்திரியில போயிரலாம்."

"அப்ப உடனே சரி பண்ணுங்க."

அவள் கெபியைப் பார்த்தாள். தேங்கிய தண்ணீரை வடியவிட்டு, கெபியை எடுத்துவிட்டு, குழாயைத் தோண்டி வெளியே போட்டு, களிமண்ணை அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். கெபி குழாயின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடாமல் ஒரு வேலையும் ஆகாது. "எங்க மேலதிகாரி சாமி சம்பந்தப்பட்டத தொட மாட்டாரும்மா. கட்டுனவங்களும் பங்கும் எழுதிக் குடுத்தா நான் பின்னாலயே நின்னு வேலைய வாங்கிருவேன்," என்றாள். கதவுகளையும் காட்டினாள். திருகுகளில் கிரீஸ் பார்த்து வருடக்கணக்காகிறது, அடி ரப்பர் பட்டை கிழிந்து தொங்குகிறது. துருவின் மேலேயே பச்சைப் பெயின்ட் மட்டும் அழகாக அடித்திருக்கிறார்கள். அவசரத்துக்குக் கதவைத் தூக்க வேண்டும் என்றால் எல்லாக் கதவும் தூக்குமா என்று கேட்டேன். அவள் பெயின்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குப் பேரவை கூடியது. நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே யாரும் பேசவில்லை. இரண்டு பேர் தலையைக்கூட ஆட்டினார்கள். சாமியார், கட்டிக்கொடுத்தவர் சம்மதித்தால் பேரவையும் சம்மதிக்கும் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். அப்போது ஆரோக்கியம் போனை எடுத்து மைக்கின் முன்னால் பிடித்தான். உன் குரல்.

"ஆரோக்கியம், அம்மாக்கு வயசாயிடுச்சுடா. அப்பா போனதுலேருந்து இப்பிடித்தான், எதையாவது ஒண்ண புடிச்சிக்கிட்டு நிப்பாங்க. பெருசா எடுத்துக்காதீங்க. கெபிய யாரும் தொட வேணாம். அது எங்க அப்பாவுது."

மகனே, அந்த அறையில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். நான் பெற்று வளர்த்த பிள்ளை ஒலிபெருக்கியில் என்னைக் கிறுக்கி என்கிறான், நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் இருமினார். ஒரு அம்மாள் என் கையைத் தடவிக்கொடுத்தாள், நோயாளியைத் தடவுவதுபோல. நான் கையை எடுத்துக்கொண்டேன். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. திருவிழாவுக்கு எத்தனை ஒலிபெருக்கி என்பது அந்த அடுத்த விஷயம்.

எனக்கு வயதாகிவிட்டது, உண்மை. முழங்கால் வலிக்கிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஆனால் கலங்கல் தண்ணீருக்கும் தெளிந்த தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆரோக்கியம் சொன்னதைக் கேட்டாய், அவனுக்குக் குரல் பதிவு அனுப்பினாய், வாரம் தவறாமல் என்னோடு பேசும்போது மாத்திரை சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாய். தாயின் மாத்திரையைப் பற்றி விசாரிப்பது சுலபம். அவள் சொல்வதை விசாரிப்பது கஷ்டம். அதைச் செய்யாத பிள்ளைக்கு என் வயதைப் பற்றிப் பேச உரிமை கிடையாது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் உன்மேல் மட்டும் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொல்வேன். கோபுரம் கேட்கிறவனிடம் கொடுக்கிறீர்கள், அலங்கார வளைவு கேட்கிறவனிடம் கொடுக்கிறீர்கள். கதவுக்குக் கிரீஸ் வாங்கித் தர ஒருவருக்கும் மனம் வராது, ஏனென்றால் கிரீஸ் டப்பாவில் பெயர் பொறிக்க இடம் கிடையாது. உன் அப்பா தன் காலம் முழுவதும் செய்த வேலைக்கு ஒரு கல்வெட்டும் இல்லை. கரை உடையவில்லை, தொட்டியில் தண்ணீர் இருந்தது, அதற்கு யார் கல் நடுவார்கள்? அவரை நினைக்க வேண்டும் என்றால் அவர் செய்த வேலை நின்றுபோகாமல் பார். ஒன்றைக் கட்டுவதற்கு முன்னால் அது எதன்மேல் நிற்கப் போகிறது என்று கேள். கட்டிய பிறகு யார் அதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று கேள். "அது எங்க அப்பாவுது" என்று சொன்னாயே, அந்த அணைதான் உன் அப்பாவுடையது.

இனி அவசரமான விஷயம். வேளாங்கண்ணிக் கொடியேற்றம் நெருங்குகிறது. வடக்கேயிருந்து காவி உடுத்திய சனங்கள் நடந்து வரத் தொடங்கிவிட்டார்கள். புதுமைத் தண்ணீர் என்று கேள்விப்பட்டு இந்த வருடம் கூட்டம் அதிகமாக இருக்குமாம். அவர்கள் இரவு தங்குவதற்கு ஆரோக்கியம் பந்தல் போடுகிறான். எங்கே தெரியுமா? கெபிக்குப் பின்னால், கரைக்குக் கீழே, அந்த இன்ஜினியர் பெண் கம்பியைக் குத்திய இடத்துக்கு நேர் கிழக்கே. பிள்ளைகுட்டிகளோடு கால் வலிக்க நடந்து வந்தவர்கள் அங்கே அசந்து தூங்குவார்கள். அவர்கள் தலைக்குமேல் ஆறு நிற்கும். கரை போனால் முதலில் அவர்கள் போவார்கள். அடுத்து கீழத் தெரு வீடுகள். அதற்குப் பிறகு, தேங்கிய நல்ல தண்ணீர் எல்லாம் கடலுக்குப் போய் உப்பு மேலே ஏறினால், தொட்டியில் ஏற்றுவதற்கு எதுவும் இருக்காது. அன்றைக்கும் கெபியின் முன்னால் நின்று மாதா சோதிக்கிறாள் என்று சொல்ல ஆள் இருப்பார்கள்.

நேற்று ஆரோக்கியத்திடம் நேரில் போய்ப் பேசினேன். பந்தலையாவது பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றச் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை. கண் கலங்கினான். "பெரியம்மா, நான் அவன் பேச்ச மீற மாட்டேன். அவன் ஒரு வார்த்த எழுதிட்டான்னா நானே மொதக் கல்ல பேக்குறேன்," என்றான். சாமியாரும் உன் எழுத்துக்குக் காத்திருக்கிறார். அலுவலகமும் உன் எழுத்துக்குக் காத்திருக்கிறது. இத்தனை பெரியவர்களும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு கடைசியில் உன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். நீ அங்கே ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நிற்கிறாய்.

மாதாவை எங்கே வைப்பது என்று கவலைப்படாதே. நம் வீட்டு முன்புறத் தோட்டத்தைக் கொடுக்கிறேன். ரோட்டோரம்தான், நடந்து போகிறவர்கள் பார்க்கலாம். என் ரோஜாச் செடிகள் போகும், போகட்டும். வீட்டின் பாதி உன் பெயரில் இருக்கிறது, ஆகவே அதற்கும் உன் சம்மதம் வேண்டும்.

எனக்குப் போன் செய்யாதே. செய்தால் எடுக்க மாட்டேன். குரல் பதிவு அனுப்பாதே, உன் குரல் பதிவு ஒன்றைக் கேட்டதே எனக்குப் போதும். மருமகளைப் பேசச் சொல்லி மழுப்பாதே. ஒரு வெள்ளைத் தாளை எடு. கெபியை இடம் மாற்றவும், கரையிலிருந்து குழாயை எடுக்கவும் சம்மதம் என்றால் அதை எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடு. சம்மதம் இல்லை என்றால் அதையும் எழுது, காரணத்தோடு எழுது, அதற்கும் கையெழுத்துப் போடு. அதைப் படம் எடுத்துச் சாமியாருக்கும் அலுவலகத்துக்கும் எனக்கும் இன்றே அனுப்பிவிட்டு, தாளைத் தபாலில் போடு. எதுவாக இருந்தாலும் கொடியேற்றத்துக்கு முன்னால் உன் பதில் எனக்கு எழுத்தில் வர வேண்டும்.

உன் அம்மா